இந்தியாவில் மிளகுக்கு 70% இறக்குமதி வரி இருந்தும் உள்ளூர் விலை ஏன் விழுகிறது? தடையற்ற வணிக ஒப்பந்தம்தான் காரணமா?

மிளகு போட்டிருப்பவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். 70% என்பது ஒப்பந்தச் சலுகை எதுவும் இல்லாமல் வரும் சரக்குக்கு. ஆசியான் எனும் தென்கிழக்காசிய நாடுகளோடு போட்ட ஒப்பந்தம் 2010-ல் நடைமுறைக்கு வந்தபின் வியட்நாம் மிளகுக்கான வரி படிப்படியாக இறங்கி, 2019 முடிவில் 50% ஆனது. இலங்கையோடு 2000 மார்ச்சிலிருந்து தனி ஒப்பந்தம்: ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே கிடையாது. அதற்கு மேல் வருவது சாஃப்டா எனும் தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்த வழியில் 8% கட்டினால் போதும்.

கணக்குப் போடுங்கள். துறைமுகத்துக்கு வரும்போது கிலோ 300 ரூபாய் என்று வைப்போம். உபவரிகளை விட்டுவிட்டால் முழு வரியில் அடக்கம் 510, ஆசியானில் 450, சாஃப்டாவில் 324. வியட்நாம் மிளகு கொழும்பில் சாக்கு மாறி, இலங்கையில் விளைந்ததாகச் சான்றிதழோடு வந்தால் கிலோவுக்கு 126 ரூபாய் லாபம். ஓட்டை அந்தச் சான்றிதழில் இருக்கிறது.

2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள், அதற்குக் கீழான விலையில் இறக்கக் கூடாது என்று. 300 ரூபாய்ச் சரக்குக்கு 500 என்று பில் போட்டால் அதையும் தாண்டிவிடலாம். 8% வழியில் அதற்கு வரி 40 ரூபாய்தான். ஆசியான் வழியில் அதே பில்லுக்கு 250 ரூபாய் கட்ட வேண்டும். உண்மையில் பிடிமானம் உள்ளது 2020 செப்டம்பரில் வந்த விதிகள்தான்: சரக்கு எங்கே விளைந்தது என்பதற்கான விவரத்தை இறக்குமதியாளரே ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும், சுங்கத்துறை கேட்டால் பத்து வேலை நாளில் கொடுக்க வேண்டும். சுங்கத்துறை அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இலங்கைக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இலங்கையின் மாத்தளை மிளகில் காரம் தரும் பைப்பரின் அதிகம், மிளகுச் சாறு (ஓலியோரெசின்) எடுக்கும் ஆலைகள் தேடி வாங்குகின்றன. போலிச் சரக்கு அந்த விவசாயியின் வரியில்லா 2,500 டன் ஒதுக்கீட்டையும்தான் தின்கிறது. எல்லாப் பழியும் ஒப்பந்தத்துக்கு என்றும் சொல்லவில்லை. வாட்டல் நோயும் கிழட்டுக் கொடிகளுமாக நம் ஏக்கர் மகசூல் வியட்நாமை நெருங்கவே இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஈரப்பதம் என்று சொல்லி வியாபாரிகள் கையால் அள்ளிப் பார்த்தே மூட்டைக்கு எடை கழிக்கிறார்கள். இது இறக்குமதியைவிட நேரடியான இழப்பு. ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு வரும்வரை காயவைத்து, ஒரு லிட்டர் அளவு மிளகின் எடை 550 கிராம் வருகிறதா என்று பார்த்து, ஈரப்பதமானியில் அளந்து காட்டச் சொல்லுங்கள். கருவி இல்லாதவரிடம் கழிவுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.