முதலுதவி விளையாட்டும் மகனின் பாடத் தெரிவும்: புதுக்குடியிருப்புத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததிலிருந்து மகன் முதலுதவி விளையாட்டிலேயே மூழ்கியிருப்பதாகவும், அத்தகைய விளையாட்டுகளை உருவாக்குவதையே தொழிலாகக் கொள்ளப்போவதாகச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அவனை மறிக்க வேண்டாம். ஆனால் திரையில் எதைக் கற்கலாம், எதைக் கற்க முடியாது என்பதை அவன் இப்போதே அறிந்துகொள்ள வேண்டும்.

2007இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், கவிழ்ந்த வாகனத்திலிருந்து இருவரை மீட்ட இளைஞர் ஒருவர், விரல்களை இழந்து குருதி பெருகியவரின் கையைத் துணியால் அழுத்தி உயர்த்திப் பிடிக்கச் செய்தார். அதை அவர் கற்றது 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற கணினி விளையாட்டின் மருத்துவ வகுப்பில். அது அந்நாட்டு இராணுவம் ஆட்சேர்ப்பை மனதிற்கொண்டு வெளியிட்ட விளையாட்டு என்பதால், போரைக் கண்ட நம் வீடுகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரித்தானியாவில் 2013இல் வெளிவந்த 'லைஃப்சேவர்' வேறு வகையானது. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்து என்ன செய்வதென்று விளையாடுபவர் தெரிவுசெய்ய வேண்டும். பதற்றத்திலும் ஒழுங்கு தவறாமல் முடிவெடுக்கும் பழக்கத்துக்கு இது உதவும்.

கைப்பழக்கம் அப்படி வராது. இதயம் நின்ற பெரியவரின் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும் என்று விளையாட்டு சொல்லிவிடும். ஒவ்வோர் அழுத்தத்தின் பின்னும் நெஞ்சை முழுமையாக மேலெழ விடுவது எவ்வளவு கடினம், இரண்டு நிமிடத்துக்குள் தோள் சோர்ந்து ஆழம் எப்படிக் குறைகிறது என்பவற்றைப் பயிற்சிப் பொம்மையின் அருகில் முழந்தாளிட்டு அழுத்திப் பார்த்தவரே அறிவார். ஆகவே இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமோ சென். ஜோன் அம்புலன்ஸோ நடத்தும் முதலுதவிப் பயிற்சி ஒன்றில் முதலில் அவனைச் சேர்த்துவிடுங்கள்.

அத்துடன் ஒரு வேலையும் கொடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 'ஸ்கிராட்ச்' மென்பொருளில், வயலில் புடையன் பாம்பு கடித்த ஒருவரைப் பற்றிய சிறு விளையாட்டைத் தமிழில் அவன் செய்யட்டும். கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், வீக்கம் ஏறுமுன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றி, கடிபட்டவரை நடக்கவிடாமல், 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புவதே அதில் சரியான வழியாக இருக்க வேண்டும். முடிந்ததும் ஒரு மருத்துவரிடமோ தாதியிடமோ காட்டித் திருத்தம் கேட்கச் சொல்லுங்கள். வன்னியில் வயலும் குளமும் உள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு இத்தகைய விளையாட்டு மிகவும் தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த வேலையை அவன் விரும்பிச் செய்து முடித்தால், உயர்தரத்தில் கணிதப் பிரிவையோ, தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கொண்டு தொழினுட்பவியல் பிரிவையோ அவன் எடுக்கலாம். 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழினுட்பப் பட்டப்படிப்பு உண்டு. வெட்டுப்புள்ளி கைகூடாவிட்டால் தேசிய தொழிற்றகைமைப் பயிற்சிநெறிகள் வழியாகவும் இத்துறைக்குள் நுழையலாம். நிரலாக்கத்தில் சலித்து, காயம்பட்டவரைக் கவனிப்பதிலேயே அவன் மனம் நின்றால், உயிரியல் பிரிவையும் தாதியர் தொழிலையும் பற்றிப் பேசுவோம். பாடத் தெரிவுப் படிவத்தை நிரப்புமுன் கணித, விஞ்ஞானப் பெறுபேறுகளுடன் அவனையும் என்னிடம் அழைத்து வாருங்கள்.