என் வழக்கைப் படமாக எடுக்கலாமா?

கேள்வி: டியூஷன் நடத்தி வந்தேன். பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் தவறாக நடந்ததாக அவளுடைய தாய் புகார் கொடுத்தார். 4 ஆண்டுகள் நடந்த போக்சோ வழக்கில், சந்தேகத்தின் பலனை எனக்கு அளித்து நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குள் பிழைப்பும் மானமும் போய்விட்டன. இப்போது ஒரு தயாரிப்பாளர் என் பெயரிலேயே 'உண்மைக் கதை' என்று படமெடுக்க முன்பணம் தருகிறார். சிறுமியின் பெயரை மாற்றினால் போதுமா? அந்தத் தாய்மீது பொய்ப்புகார் வழக்குப் போடலாமா?

பதில்: பெயரை மாற்றினால் போதாது. திரையில் உங்கள் பெயர் வந்தால், அந்தச் சிறுமி யார் என்று உங்கள் தெருவே சொல்லிவிடும். உங்கள் கேள்வியில் சட்டம் முதலில் பார்ப்பது இதைத்தான்.

போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரோடு நிற்பதில்லை. முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறைமுகமாகக்கூட அடையாளம் தெரியக் கூடாது என்று 2018இல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் விடுதலையானதால் அந்தக் குழந்தைக்குள்ள பாதுகாப்பு போய்விடாது. 'யாவும் கற்பனை' என்று முதலில் ஒரு வரி போட்டாலும் காப்பாற்றாது. சுவரொட்டியில் 'உண்மைக் கதை' என்று நீங்களே சொல்கிறீர்களே!

தாய்மீது வழக்கு வேண்டாம். தீர்ப்பை மறுபடி படியுங்கள். 'நிரூபிக்கப்படவில்லை' என்று இருக்கும். 'பொய்' என்று இருக்காது. பொய்ப்புகாருக்கான போக்சோ 22ஆம் பிரிவில் தண்டிக்க, புகார் பொய்யென்பதோடு கெட்ட எண்ணத்தோடு கொடுக்கப்பட்டது என்பதையும் காட்ட வேண்டும். அத்தனையும் நிரூபித்தாலும் அதிகபட்சம் 6 மாதம். அதற்காக இன்னும் எத்தனை ஆண்டு நீதிமன்றப் படி ஏறப் போகிறீர்கள்?

என் பயமெல்லாம் அந்த ஒப்பந்தத்தின்மேல்தான். முன்பணத் தொகையைப் பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே எங்கோ ஒரு ஷரத்து இருக்கும்: 'கதையால் எழும் சட்டச் சிக்கல்களுக்கும் நஷ்டத்துக்கும் கதை தந்தவரே பொறுப்பு.' படம் தடைபட்டால் தயாரிப்பாளரின் செலவும் உங்கள் தலையில் விழும். அதோடு, படத்தில் அந்தத் தாயைப் பொய்க்காரியாகக் காட்டினால் அவதூறு வழக்கு வரும். விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையும் அவர் தரப்புக்கு உண்டு. இதுவரை பேசாமல் இருந்தவர்கள், தாமதத்தை மன்னிக்கும்படி மனுப் போட்டு உயர் நீதிமன்றம் போவார்கள். அரும்பாடுபட்டு வாங்கிய விடுதலையை ஒரு சுவரொட்டிக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

தயாரிப்பாளரோடு சமரசமாகப் பேசி முடியுங்கள். ஊர், தொழில், உறவு, சம்பவம் எல்லாம் மாறிய முழுக் கற்பனைக் கதை. உங்கள் பெயர் டைட்டிலிலும் வேண்டாம், விளம்பரத்திலும் வேண்டாம். பொறுப்பு முழுக்கத் தயாரிப்பாளருடையது. இதற்குச் சம்மதித்தால் எழுதிக் கொடுங்கள். 23ஆம் பிரிவு ஸ்டுடியோ உரிமையாளரையும் விடாது என்று எடுத்துச் சொன்னால் இறங்கி வருவார். வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

குற்றப்பத்திரிகையையோ சிறுமி மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த 164 வாக்குமூலத்தையோ கதாசிரியரிடம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்களா? இன்றே எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். அதுவரை எந்தச் சேனலுக்கும் பேட்டி கொடுக்காதீர்கள்.