பதநீர் முதல் ரம் வரை: ராமநாதபுரம் கடற்கரையில் என்ன குடிக்கலாம், எங்கே வாங்கலாம்?

கப்பல்லயும் வெளிநாட்டு ஹோட்டல்கள்லயும் பாரில் நின்னு பானம் கலக்கினதுதான் என் தொழில். இப்போ உச்சிப்புளி பக்கம் சொந்த ஊர்ல இருக்கேன். குடிக்கிற எதைப் பத்தியும் கேளுங்கன்னு சொன்னதுக்கு வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. மது பத்தின பதில்கள் 21 வயசு நிறைஞ்சவங்களுக்கு மட்டும். நம்ம மாநிலச் சட்டமும் அதுதான். மத்ததை வீட்ல எல்லாருக்கும் கொடுக்கலாம்.

அண்ணே, சென்னையிலேர்ந்து பைக்ல தனுஷ்கோடி வர்றோம். நல்ல பதநீர் எங்க கிடைக்கும்? போன தடவை ரோட்டோரம் வாங்கினது வெறும் சீனித்தண்ணி.

எந்த மாசம் வர்றீங்கன்னு சொல்லலையே தம்பி. தை கடைசியில ஆரம்பிச்சு ஆனி வரைக்கும், மிஞ்சிப்போனா ஆடி வரைக்கும்தான் பதநீர். ஐப்பசி மழையில யாராவது குடத்தை வச்சுக்கிட்டு பதநீர்னு வித்தா வண்டியை நிறுத்தாதீங்க.

தொண்டி, தேவிபட்டினம் வழியா வந்து நேரா பாம்பன் பாலம் ஏறிடுவீங்க. பனை அடர்த்தியா நிக்கிறது இந்தப் பக்கம். ராமநாதபுரத்துலேர்ந்து கீழக்கரை, ஏர்வாடி, சிக்கல், சாயல்குடின்னு தெற்கே இறங்குற சாலை. ஒரு காலைப் பொழுதை அதுக்கு ஒதுக்குங்க. கடையைத் தேடாதீங்க, மரத்தைத் தேடுங்க. பாளை சீவுற மரத்துல கலயம் தொங்கும், மரத்தடியில யாராவது இருப்பாங்க. அவங்ககிட்ட வாங்குங்க.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, பதநீர் எப்படி உண்டாகுதுன்னு தெரிஞ்சா போதும். பாளையைக் கடிப்புங்கிற மர இடுக்கி வச்சு நெரிச்சு, நுனியை அன்றாடம் மெல்லிசா சீவி, அதுல கலயத்தைக் கட்டுவாங்க. கலயத்துக்கு உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருக்கும். பாளையிலேர்ந்து சொட்டுற சாறுல நூத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காத்துல இருக்கிற ஈஸ்ட் அதைப் பார்த்தா விடாது, சில மணி நேரத்துலயே புளிக்க வச்சிரும். சுண்ணாம்பு அதைத் தடுக்குது. அதனால நல்ல பதநீர்ல நாக்கு நுனியில லேசான சுண்ணாம்பு உரைப்பு கண்டிப்பா இருக்கும், பாத்திரத்து அடியில வெள்ளையா வண்டல் படியும், பாளை வாசம் அடிக்கும். வெறும் இனிப்பு மட்டும் இருந்தா அது சீனி கரைச்ச தண்ணி. மேல நுரை கட்டி, மூக்குல புளிப்பு ஏறினா நேரம் கடந்துபோச்சு.

காலை ஒன்பது மணிக்குள்ள குடிச்சிருங்க. சித்திரை வெயில்ல மத்தியானத்துக்கு மேல சுண்ணாம்பும் கைவிட்டுரும். கிளாஸ் கேக்காதீங்க, ஓலையை மடிச்சுப் பட்டை கட்டித் தருவாங்க. பச்சை ஓலையோட வாசனை சேர்ந்தாத்தான் அந்த ருசி முழுசாகும்.

அப்படியே கள்ளும் எங்க கிடைக்கும்னு சொல்லிருங்களேன் அண்ணே.

சொல்ல மாட்டேன் தம்பி. 1987-லேர்ந்து தமிழ்நாட்டுல கள் இறக்கவும் விக்கவும் தடை. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. சுண்ணாம்பு இருந்தா பதநீர், இல்லாட்டி கள். அந்த ஒரு விரல் சுண்ணாம்புக்காகப் பனையேறி போலீசுக்குப் பயந்து வாழணுமான்னு எனக்கும் வேதனை உண்டு. பக்கத்துல கேரளாவுல லைசென்ஸ் வாங்கி ஷாப் நடத்துறாங்க. இங்கயும் அந்த வழி பொறக்கணும்னு மனசார விரும்புறேன். அதுவரைக்கும் ஒரு ஏழை மனுசனை மாட்டிவிடுற தகவல் என்கிட்டேர்ந்து வராது.

சிங்கப்பூர்லேர்ந்து மச்சான் லீவுல வர்றார். பதநீரை வச்சு காக்டெயில் போட முடியுமா?

முடியும். ஆனா நேரா எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா ஏமாந்துருவீங்க. பதநீர்ல கரைஞ்சிருக்கிற சுண்ணாம்பு எலுமிச்சைப் புளிப்பைத் தின்னுரும், பானமும் கலங்கிப்போகும். முதல்ல பதநீரை ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம் அசைக்காம வச்சு, மேல தெளிஞ்சதை மட்டும் துணியில வடிங்க. வடிச்ச பிறகும் சுண்ணாம்பு கொஞ்சம் இருக்கும், அதனால வழக்கத்தைவிட எலுமிச்சை கூடுதலா விடணும்.

இதுக்கு நம்ம ஆளுக அன்னைக்கே வழி கண்டுட்டாங்க. பதநீர்ல மாங்காயைப் பொடிசா நறுக்கிப் போட்டுக் குடிக்கிறது தெக்கத்திப் பழக்கம். இனிப்பு, சுண்ணாம்பு உரைப்பு, புளிப்பு மூணையும் ஒரே பட்டையில சரிக்கட்டுற வேலை அது. பெரிய ஹோட்டல் பார்ல நாங்க நாள் முழுக்கச் செஞ்சதும் அதே வேலைதான்.

மச்சானுக்கு இப்படிப் போடுங்க. உயரமான கிளாஸ்ல மாங்காய்த் துண்டு நாலைஞ்சைப் போட்டு மத்தால லேசா நசுக்குங்க. வெள்ளை ரம் 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி, மேல ஐஸ் நிறைய. தெளிஞ்ச பதநீர் 120 மில்லி ஊத்தி ஒரே ஒரு தடவை கிண்டுங்க. கிளாஸ் விளிம்புல முண்டு மிளகாய்த் (குண்டு மிளகாய்னும் சொல்வாங்க) தூளும் உப்பும். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம குண்டு மிளகாய்க்கு இதைவிட நல்ல இடம் வேற இல்ல. தோல் தடிமன், காரம் மெதுவா ஏறும், வாசம் நிக்கும். உப்பு வாலிநோக்கத்து உப்பளத்துக் கல்லுப்பா இருந்தா பொடிச்சுக்கங்க.

ரம்மை விட்டுட்டு மீதியை அப்படியே பிள்ளைங்களுக்கும் கொடுக்கலாம். உண்மையைச் சொன்னா எனக்கு அதுதான் கூடுதல் பிரியம்.

கருப்பட்டி நல்லது எது? கிலோவுக்கு ஒரு விலைன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. – பரமக்குடி அக்கா

அக்கா, கணக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டருக்கு மேல பதநீர் வேணும். ஒருத்தர் மரம் மரமா ஏறி இறக்கணும், வீட்டுப் பொம்பளைக அடுப்படியில புகைக்குள்ள நின்னு மணிக்கணக்கா காய்ச்சணும். பொங்கி வழியாம இருக்க ஆமணக்கு விதையை நுணுக்கிப் போட்டு, கம்பிப்பதம் பார்த்து, தேங்காய்ச் சிரட்டையில ஊத்தி எடுக்கணும். இவ்வளவுக்கும் பிறகு ஒருத்தர் சீனி விலைக்கும் வெல்லம் விலைக்கும் பக்கத்துல சொன்னா, உள்ள சீனி இருக்கு.

உடைச்சுப் பாருங்க. சீனி கலந்தது உள்ளே மினுமினுக்கும், கல் மாதிரி இறுகியிருக்கும். நல்ல கருப்பட்டி மங்கலான கரும்பழுப்பு. வாயில போட்டா இனிப்புக்குப் பின்னால லேசா உப்பும் கசப்பும் வரும். சாயல்குடி பக்கம் பதநீர் சீசன்ல காய்ச்சுற வீட்டுல நேரா வாங்கினா மனசுக்கு நிம்மதி. உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கு, அதுவும் நல்ல சரக்குதான். ஆனா பேரை ஒட்டி விக்கிறதெல்லாம் உடன்குடி இல்ல.

கேட்டரிங் படிக்கிறேன் அண்ணே. பார்டெண்டர் ஆக முதல்ல என்ன கத்துக்கணும்?

பாட்டிலைச் சுத்திப் பிடிக்கிறதை மறந்துரு தம்பி. புளிப்பு இனிப்புக் கணக்கைக் கத்துக்கோ. மது 60 மில்லி, எலுமிச்சை 25, பாகு 20. இந்த ஒரு கணக்குல உலகத்துல பாதி காக்டெயில் அடங்கிரும். ரம் போட்டா டாகிரி, விஸ்கி போட்டா விஸ்கி சவர், ஜின் போட்டா கிம்லெட் பக்கம் வந்துரும். பாகுக்குப் பதிலா கருப்பட்டிப் பாகு விட்டு, டார்க் ரம்மோட ஒரு துண்டு இஞ்சி நசுக்கிப் போட்டுப் பாரு. கருப்பட்டியும் தண்ணியும் சம எடை, கொதிக்க விட்டு ரெண்டு தடவை துணியில வடிகட்டணும். மணலும் சுண்ணாம்புப் பொடியும் நிச்சயம் இருக்கும்.

எலுமிச்சை சேர்ந்தா குலுக்கு, மது மட்டும்னா கிண்டு. குலுக்குறது பன்னிரண்டு பதினஞ்சு விநாடி. அதுக்குள்ள ஐஸ் கரைஞ்சு கால் பங்கு தண்ணி சேரும். அந்தத் தண்ணி வீண் இல்ல, பானத்துக்குள்ள அதுவும் ஒரு பொருள். அதனாலதான் நல்ல ஐஸ் வேணுங்கிறேன்.

ஐஸ்னு சொன்னீங்க. எங்க வீட்டுப் போர் தண்ணியில ஐஸ் போட்டா கரிக்குது. – தங்கச்சிமடம்

கரிக்கத்தான் செய்யும். தீவுல மழைத்தண்ணி மணல்ல இறங்கி, அடியில இருக்கிற கடல்தண்ணிக்கு மேல மெல்லிய படுகையா மிதக்குது. தனுஷ்கோடியில கையால மணலைத் தோண்டினா நல்ல தண்ணி ஊறுறதும், வில்லூண்டித் தீர்த்தத்துல கடலுக்கு நடுவுல குடிக்கிற தண்ணி கிடைக்கிறதும் பார்த்திருப்பீங்க. போரை ஆழமா இறக்கினா அந்தப் படுகையைத் தாண்டி உப்பைத்தான் உறிஞ்சும். ஐஸுக்கும் பாகுக்கும் கேன் தண்ணியோ சேமிச்ச மழைத்தண்ணியோ எடுங்க. மீன் ஐஸ் மட்டும் வேண்டாம். அது குடிக்கிறதுக்குச் செஞ்ச ஐஸ் இல்ல.

டாஸ்மாக்ல எதை வாங்கினா தேவலாம்? எல்லாம் ஒண்ணு போல இருக்கு.

இருக்கத்தான் செய்யும். நம்ம நாட்டு விஸ்கி, பிராந்தியில கணிசமான பங்கு கரும்புச் சக்கைப்பாகுலேர்ந்து வடிச்ச ஸ்பிரிட். அதுல கொஞ்சம் மால்ட் ஸ்பிரிட்டோ திராட்சை ஸ்பிரிட்டோ சேர்த்து, நிறம் கூட்டி, 42.8 சதவீதத்துக்கு இறக்கி அடைப்பாங்க. ஸ்காட்ச்னா மூணு வருசமாவது ஓக் பீப்பாயில கிடக்கணும்னு அந்த நாட்டுச் சட்டம். இங்க அப்படி இல்ல. அதனால கையில இருக்கிற காசுக்கு நான் ரம்மைத்தான் சொல்வேன். ரம் பொறந்ததே கரும்புலேர்ந்துதான், வேஷம் போட வேண்டிய அவசியம் அதுக்கு இல்ல.

சில்லறை விற்பனை 2003-லேர்ந்து அரசு கையில. கடை நேரம் மத்தியானம் 12-லேர்ந்து ராத்திரி 10. மூடி சீலும் ஹோலோகிராமும் பாருங்க, அச்சிட்ட விலைக்கு மேல கேட்டா பில் கேளுங்க. வெளிநாட்டு ஜின், நல்ல சிங்கிள் மால்ட் வேணும்னா மதுரை எலைட் கடைதான் கதி. வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்க ஏர்போர்ட் டூட்டி ஃப்ரீயில 2 லிட்டர் வரை கொண்டு வரலாம்.

அரியமான், தனுஷ்கோடி மணல்ல உக்காந்து குடிச்சு பாட்டிலை உடைச்சுப் போட்டுப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை: அங்க வெறுங்கால்ல வலை இழுக்கிறவங்க எங்க சனம்.

இலங்கைத் தென்னஞ்சாராயம் நல்லா இருக்குமாமே?

ரொம்ப நல்லா இருக்கும். தென்னங்கள்ளை வடிச்சு, ஹல்மில்லா மரப் பீப்பாயில ஊற வைப்பாங்க. விஸ்கிக்கும் ரம்முக்கும் இடையில ஒரு ருசி, பூ வாசம் கூட வரும். இஞ்சிச் சோடாவும் எலுமிச்சையும் போதும். கொழும்புலேர்ந்து விமானத்துல வர்றவர்கிட்ட சொல்லி வைங்க. படகுல வர்ற சரக்கைத் தொடாதீங்க.

கேன்ல ஊத்திக் கொடுக்கிறாங்க, விலை பாதிதான். ஒண்ணும் ஆகாதுங்கிறாங்க.

தொடவே தொடாதீங்க. கள்ளக்குறிச்சியில 2024 ஜூன்ல அறுபதுக்கும் மேல உயிர் போனது இப்படி வாங்கிக் குடிச்சுத்தான். மெத்தனால் நிறத்துலயோ வாசத்துலயோ காட்டிக்கொடுக்காது. குடிச்ச உடனே சாதாரணப் போதைதான் இருக்கும். பல மணி நேரம் கழிச்சு, சில சமயம் மறுநாள்தான் வயித்துவலி, வாந்தி, கண் மங்கல் தொடங்கும். கண்ணு முன்னால பனி படர்ந்த மாதிரி இருக்குன்னு யாராவது சொன்னா, மோரும் எலுமிச்சையும் கொடுத்துக்கிட்டு நேரம் கடத்தாம 108-ஐக் கூப்பிடுங்க. என்ன குடிச்சாங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. மருந்து இருக்கு, சீக்கிரம் போனா பார்வையும் உயிரும் தப்பும்.

நிக்காஹ் வச்சிருக்கோம், நூறு பேர். மது பேச்சே கிடையாது. கலர் பாட்டில் கொடுக்க மனசு இல்ல. – கீழக்கரை ராத்தா

ராத்தா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். நன்னாரி சர்பத் போடுங்க, ஆனா செவப்பு எசன்ஸ் பாட்டில் வேண்டாம். நாட்டு மருந்துக்கடையில நன்னாரி வேர் கால் கிலோ வாங்கிக் கழுவி, தட்டி, நடுவுல இருக்கிற வெள்ளை நரம்பை எடுத்துருங்க. ரெண்டரை லிட்டர் கொதிக்கிற தண்ணியில போட்டு மூடி ராத்திரி முழுக்க ஊறட்டும். வேரோட சேர்த்துக் கொதிக்க விடாதீங்க, வாசம் ஆவியாப் போயிரும். காலையில வடிச்சு, நாலு கிலோ சீனி போட்டுப் பிசுக்குப் பதம் வர்ற வரை காய்ச்சி, ஆறினதும் எலுமிச்சை பிழிங்க. நிறம் தேன் மாதிரிதான் வரும், அதுதான் அசல்.

கிளாஸுக்கு ரெண்டு மேசைக்கரண்டி பாகு, அரை எலுமிச்சை, ஊற வச்ச சப்ஜா ஒரு கரண்டி, ஐஸ், தண்ணி. வைகாசியில கல்யாணம்னா இளநுங்கைத் தோல் உரிச்சு நறுக்கி மேல போடுங்க. தோலோட போட்டா துவர்க்கும். நுங்கை முன்கூட்டியே வெட்டி வைக்காதீங்க. பந்தி தொடங்க அரை மணிக்கு முன்னால வெட்ட ஆள் வைங்க. பக்கத்துல உங்க ஊர்த் தொதல் அல்வா ஒரு துண்டு வச்சா வெளியூர்க்காரங்க கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. நுங்குக்குப் பெரியபட்டினம் பக்கம் ஆள் வேணும்னா தேதியைச் சொல்லுங்க, நானே பேசித் தர்றேன்.