ரெசிபியில் கேட்ட பொருள் கிடைக்காவிட்டால் எதைச் சேர்ப்பது?

மாற்றுப் பொருள் என்பது, கிடைக்காத பொருளின் வேலையைச் செய்யக்கூடிய வேறொன்று. விடுப்பில் போனவர் இடத்தில் அந்த வேலை தெரிந்தவரைத்தானே உட்கார வைப்போம்? சாயல் ஒத்திருந்தால் போதாது.

கேக்குக்கு 1 கப் பட்டர்மில்க் (புளிக்க வைத்த, மோர் போன்ற கெட்டிப் பால்) கேட்கிறார்கள் என்று வையுங்கள். அதன் புளிப்புதான் சமையல் சோடாவோடு சேர்ந்து வாயுவை உண்டாக்கி மாவை உப்ப வைக்கிறது. வெறும் பால் ஊற்றினால் கேக் அமுங்கிப்போய் சோடா வாடை அடிக்கும். கப்பில் 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, மீதியைப் பாலால் நிரப்பி 10 நிமிடம் வையுங்கள். லேசாகத் திரியும், பயப்பட வேண்டாம். ¾ கப் தயிரை ¼ கப் தண்ணீர் விட்டு அடித்தால் இன்னும் நல்லது; கெட்டித்தன்மையும் கிடைக்கும்.

எதையும் அதே அளவில் மாற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்கு அதே அளவு சோடா போட்டால் கசக்கும், ¼ தேக்கரண்டி சோடாவும் ½ தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் போதும்.