ஆகஸ்ட் 9, ஆகஸ்ட் 15, ரெண்டுக்கும் போங்க தம்பி

தம்பி, ஜூன்லதான் சிங்கப்பூர் வந்தேன், ஆகஸ்ட் 15க்கு இங்க கொடி ஏத்துவாங்களா, 9ஆம் தேதி இவங்க தேசிய தினத்துக்கு நாம போய் நின்னா ஒரு மாதிரி பாப்பாங்களான்னு கேட்டிருந்தீங்க. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க, ரெண்டுக்கும் போங்க. நான் 2008ல வந்தவன், முதல் வருஷம் ரெண்டையும் விட்டுட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

எனக்கு ஊரு சென்னிமலைங்க, கொடிகாத்த குமரன் பிறந்த ஊரு. எங்க ஸ்கூல்ல ஆகஸ்ட் 15ன்னா காந்திக்கு முன்னாடி குமரன் பேச்சுதான், 1932ல திருப்பூர்ல போலீஸ் அடில கீழ விழுந்தப்பவும் கையில இருந்த கொடிய விடலைன்னு வருஷா வருஷம் ஒரு பையன் மைக்கப் புடிச்சு சொல்லுவான், வருஷா வருஷம் எங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். எட்டாவதுல கொடி கட்டற வேலை எனக்கு வந்துச்சு. கொடிய மடிச்சு நடுவுல செவ்வந்தி இதழ் வச்சு சுருட்டி கயித்துல உருவாஞ்சுருக்கு போடணும், இறுக்கமாப் போட்டா இழுக்கறப்போ அவுராது, லூசாப் போட்டா பாதிக் கம்பத்துலயே பூவெல்லாம் கொட்டிரும். ட்ரில் மாஸ்டர் முந்தின நாள் சாயங்காலம் இருட்டற வரைக்கும் அவுத்து அவுத்து கட்ட வச்சார். காலைல ஹெச்.எம். ஒரே இழுப்பு, கொடி விரிஞ்சு பூ அவர் தோள் மேல கொட்டுச்சு, அப்பதான் நான் மூச்சே விட்டேன்.

இங்க 15ஆம் தேதி லீவு கிடையாது. முதல் வருஷம் டீ பிரேக்ல அம்மாவுக்கு போன் பண்ணேன், இங்க பதினோரு மணின்னா அங்க எட்டரை, போன்ல பின்னாடி ஸ்கூல் மைக் சத்தம் கேக்குது, எனக்கு பேச்சே வரல. அடுத்த வருஷத்துலேர்ந்து அரை நாள் லீவு சொல்லிட்டு கிரேஞ்ச் ரோட்டுல நம்ம இந்திய ஹை கமிஷனுக்கு, அதாவது நம்ம தூதரகத்துக்குப் போயிடறேன், சோமர்செட் எம்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கற தூரம்தான். காலைலயே முடிச்சிருவாங்க, நேரத்த அவங்க வெப்சைட்ல பாத்துட்டு ஐடி எடுத்துட்டுப் போங்க. ஹை கமிஷனர் கொடி ஏத்துவார், ஜனாதிபதி உரைய வாசிப்பார். நான் மொதல்ல போனப்போ பக்கத்துல ஒரு பஞ்சாபிக்காரர், அந்தப் பக்கம் ஒரு மலையாளி அம்மா, மூணு பேரும் ஜன கண மன பாடறோம், "திராவிட"ன்னு வர்ற இடத்துல என் குரல் தன்னால உசந்துருச்சு.

ஒண்ணு மட்டும் கவனம். ஆர்வத்துல நம்ம கொடிய வீட்டு ஜன்னல்ல மாட்டிறாதீங்க, வேற நாட்டுக் கொடிய அனுமதி இல்லாம பொதுவுல காட்டக் கூடாதுன்னு இங்க சட்டமே இருக்கு.

9ஆம் தேதி பரேடு டிக்கெட்டுக்கு சிட்டிசனும் பிஆரும் (நிரந்தரவாசி)தான் பாலட், அதாவது குலுக்கலுக்குப் பேர் போட முடியும், அதுக்காக ரூம்ல படுத்துறாதீங்க. மரினா பராஜ்னு ஒரு தடுப்பணை இருக்கு, அது மேல புல்வெளில போய் உக்காருங்க, வாணவேடிக்கை அங்கிருந்து நல்லாத் தெரியும். ஹெலிகாப்டர் ஒண்ணு பெரிய கொடியத் தொங்க விட்டுட்டு மெதுவா வரும், பாய் விரிச்சு உக்காந்திருக்கற மொத்தக் கூட்டமும் எந்திரிச்சிரும், சீனர் மலாய்க்காரர் தமிழர்னு பாக்காம பக்கத்துல இருக்கறவங்க உங்க கையிலயும் ஒரு குட்டிக் கொடி குடுப்பாங்க. ராத்திரி எட்டு மணி வாக்குல எல்லாரும் சிங்கப்பூர் தேசிய உறுதிமொழி சொல்லுவாங்க, 1966ல அத எழுதினவர் யாழ்ப்பாணத்துல பிறந்த, சிங்கப்பூரோட முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம்ங்கறது நமக்குப் பெருமைதானே.

2017ல நான் சிட்டிசன்ஷிப் எடுத்தேன். நம்ம நாட்டுல ரெட்டைக் குடியுரிமை இல்லாததால நீல பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுத்துட்டு சிவப்பு வாங்கினேன், அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ஆனா அந்த ஆகஸ்ட்ல என் பொண்ணு காரிடார்ல சிங்கப்பூர் கொடியக் கட்டிட்டு, "அப்பா, 15ஆம் தேதியும் போறோம்ல?"ன்னு கேட்டா. போனோம். வருஷா வருஷம் போறோம். போன வாரம் அவளுக்கு குமரன் கதை சொல்லிட்டு, தலை துவட்டற துண்டுல பூ வச்சு சுருட்டி உருவாஞ்சுருக்கு போடச் சொல்லிக் குடுத்தேன், மூணாவது தடவைலயே சரியா அவுந்து ஹால் பூரா பூ.