ஜூன் விடுமுறையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் ஒரு நாள்: சின்னப் பிள்ளைகளும் பாட்டியும் சேர்ந்து என்ன செய்யலாம்?

பிள்ளைகளுக்கு 4 வயதும் 9 வயதும், கூடவே முட்டிவலிக்காரப் பாட்டி, செந்தோசா உல்லாசத் தீவில் டிக்கெட் வாங்கி உள்ளே போகும் எதுவும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கடற்கரை என்று யோசிக்கும் முன்னால் அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது என்று பாருங்கள். இடமும் விளையாட்டும் அதிலிருந்துதான் முடிவாகும்.

இங்கே கடல் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் 3 மீட்டரைத் தொடும், வற்றம் 0.3 மீட்டருக்கும் கீழே போகும். ஜூன் மாதத்தில் இந்தப் பெரிய வற்றம் விடியற்காலையில் வரும், ஆண்டிறுதி விடுமுறையில் மாலையில் வரும். தேதியைப் பாட்டியிடமே கேட்கலாம், நாள்காட்டியில் அமாவாசை பார்க்க அவருக்குத் தெரியாதா என்ன! நேரத்தையும் உயரத்தையும் மட்டும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஓத (கடல் ஏற்ற வற்ற) அட்டவணையில் பாருங்கள். வற்றும் நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி நேரம்போலத் தள்ளிப்போகும். 5.30 மணி வற்றத்துக்குப் பிள்ளைகளை இருட்டில் இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். இரண்டு நாள் கழித்து அதே வற்றம் 7 மணிவாக்கில், சூரியன் எழும் நேரத்தில் வரும்.

அட்டவணையில் வற்றத்தின் உயரம் 0.5 மீட்டருக்குக் கீழே என்றால் சாங்கி கடற்கரைப் பூங்கா. 1 மீட்டருக்கு மேல் என்றால் மணல் நீரில் மூழ்கியே கிடக்கும், அதற்காக அதிகாலையில் எழுவது வீண்.

சாங்கியில் வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நீர் திரும்ப ஆரம்பித்ததும் கரையேறுங்கள். நட்சத்திர மீன், கடல் அட்டை, கடல் சாமந்தி, மணலில் பாதி புதைந்த மணல் டாலர் (தட்டையான வட்ட உயிரி) எல்லாம் பார்க்கலாம். 4 வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம்விடச் சுவாரஸ்யம் மணல் உருட்டும் குட்டி நண்டுதான். பட்டாணி அளவுதான் இருக்கும். மணலை வாயில் போட்டு அதிலிருக்கும் உணவை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருண்டையாக்கிப் பின்னால் தள்ளும். காலடி அதிர்ந்தால் குழிக்குள் போய்விடும். இரண்டு நிமிடம் அசையாமல் குத்துக்காலிட்டு உட்காருங்கள், ஒவ்வொன்றாக வெளியே வரும். எத்தனை வந்தன என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள்.

காலணி விஷயத்தில் சமரசம் வேண்டாம். ஜப்பான் சிலிப்பரும் ஓட்டை போட்ட ரப்பர் செருப்பும் போதாது. தடித்த அடிப்பாகமுள்ள, விரலை மூடிய ஷூ வேண்டும். விசிறிச் சிப்பிகள் விளிம்பு மேலே தெரிய மணலில் செங்குத்தாக நிற்கும், பிளேடு மாதிரி அறுக்கும். பாசி படிந்த கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனின் முதுகு முள்ளில் விஷம் உண்டு. தண்ணீருக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் திருக்கை இருந்தாலும் விலகிப் போய்விடும். கல்மீனோ திருக்கையோ குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை மூழ்க வைத்தபடி ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிடுங்கள். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது டீ போட மட்டும் இல்லை. இன்னொரு பாட்டில் வினிகரும் பையில் இருக்கட்டும். ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், வினிகரைக் குறைந்தது 30 விநாடி ஊற்ற வேண்டும். மூச்சுத் திணறினாலோ வலி பரவினாலோ இதற்கும் 995தான்.

எந்த உயிரையும் வாளியில் எடுக்காதீர்கள். பூங்காக்களில் அது சட்டப்படி குற்றம். வெயிலேறிய வாளித் தண்ணீரில் அவை சீக்கிரமே செத்தும் போகும். கல்லைப் புரட்டாமல் பார்த்தாலே போதுமான அளவு தெரியும்.

எட்டு மணிக்கு மேல் நீர் ஏற ஆரம்பித்தபின் மணற்கோட்டை. பிளாஸ்டிக் அச்சில் மணலை அமுக்கிக் கவிழ்த்தால் பத்தில் ஏழு உடைந்துதான் வரும், 9 வயதுக்காரர் ஐந்து நிமிடத்தில் கைகழுவிவிடுவார். ஒரு பழைய வாளியின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். அகன்ற வாய் கீழே, குறுகிய பக்கம் மேலே இருக்கும்படி மணலில் வையுங்கள். ஒரு சாண் உயரத்துக்கு மணல் போட்டு, மணல் மூழ்குமளவு தண்ணீர் ஊற்றி, கை முஷ்டியால் நன்றாகக் குத்துங்கள். தண்ணீர் கீழே இறங்கியதும் அடுத்த அடுக்கு. வாளி நிறைந்தபின் பத்து நிமிடம் அப்படியே விட்டு, பக்கவாட்டில் தட்டித் தட்டி மேல்நோக்கி உருவுங்கள். மணலைப் பிடித்து வைப்பது துகள்களுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம். இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பி இருந்தால் அந்தப் பிடிப்பு இருக்காது, அவசரப்பட்டு உருவினால் கோபுரம் சரிவது அதனால்தான். காய்ந்து போனாலும் உதிரும். கையில் ஒரு ஸ்பிரே பாட்டில் வேண்டும்.

செதுக்குவது எப்போதும் மேலிருந்து கீழே. கீழே முதலில் செதுக்கினால் மேலிருந்து விழும் மணல் அதை மூடிவிடும். வெண்ணெய்க் கத்தி, பழைய ஸ்கேல், உதிரி மணலை ஊதித் தள்ள ஒரு ஸ்ட்ரா, இவ்வளவு கருவி போதும். காய்ந்த பொடிமணலைவிட நீர்விளிம்புக்குப் பக்கத்தில் தோண்டிய மணல் நன்றாக நிற்கும். கோட்டையை மட்டும் கடைசி ஏற்றத்தின் குப்பைக் கோட்டுக்கு மேலே கட்டுங்கள். குழி தோண்டும் பிள்ளைகளுக்கு ஓர் எல்லை: அவர்கள் முட்டி ஆழத்துக்கு மேல் வேண்டாம், மணற்குழி சரிந்தால் உள்ளே இருப்பவரை இழுத்தெடுப்பது கடினம். கிளம்பும்போது மூடிவிட்டும் வாருங்கள்.

பாட்டிக்குப் பல்லாங்குழி. பாய்க்குப் பக்கத்தில் ஈரமணலைக் கொட்டித் தட்டி, ஏழேழாக இரண்டு வரிசை, உள்ளங்கை அகலம், முஷ்டி ஆழம். காய்ந்த மணலில் போட்டால் இரண்டாவது ஆட்டத்திலேயே குழி தூர்ந்துவிடும். குழிக்கு 5 வீதம் 70 காய் வேண்டும். புளியங்கொட்டை மணல் நிறத்தோடு கலந்து காணாமல் போகும், வெள்ளைச் சோழி கொண்டு போங்கள். மலாய்க்காரர்களின் சொங்காக்கும் இதே குடும்பம் என்பதால், பள்ளியில் அது விளையாடிப் பழகிய பிள்ளைக்கு விதி சொல்லித்தர அதிக நேரம் ஆகாது. பாட்டிக்குத் தாழ்வான மடக்கு நாற்காலி ஒன்று வேண்டும். பாயிலிருந்து எழுவதுதான் முட்டிக்குப் பெரிய வேதனை.

சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கில்லை, ஏறக்குறைய 1 மணிக்கு. ஆகவே 11 முதல் 3 வரை மணலில் இருக்காதீர்கள். நடந்தே போய் சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிடலாம். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் புளிச்சோறு தாங்கும். தயிர்சாதம் ஐஸ் இல்லாமல் பத்து மணிக்கே புளித்துவிடும். மைனாவும் காக்கையும் டப்பா திறக்கக் காத்திருக்கும்.

ஜூனில் விடியற்காலையில் மேற்கிலிருந்து சுமத்ரா சூறை வரலாம், பலத்த காற்றும் இடியும் ஓரிரு மணி நேரம் நீடிக்கும். கிளம்பும் முன் மழை ரேடார் பாருங்கள். இடி கேட்டாலே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள், மரத்தடியும் கூடாரமும் பாதுகாப்பில்லை. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்துத் திரும்பலாம்.

வற்றம் தோதாக அமையாத நாளில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை மரின் பரேட் வழியாக பேஷோர் வரை 2024 ஜூனில் திறந்தபின் கார் இல்லாமலே போகலாம். வாடகைச் சைக்கிளும் கோஸ்டல் பிளேகுரோவ் விளையாட்டுத் திடலும் பெரியவனுக்குப் போதும். பட்டம் விடும் ஆசை இருந்தால் சாங்கியில் வேண்டாம், விமான ஓடுபாதை பக்கத்திலேயே இருக்கிறது. நீச்சல்தான் முக்கியம் என்றால் மட்டும் செந்தோசா போங்கள். கடற்கரைக்குத் தனி டிக்கெட் கிடையாது, விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து நடைபாலம் வழியே போனால் ரயில் கட்டணமும் மிச்சம்.

மாலை வரை தங்குவதாக இருந்தால் முழுக்கால் உடை எடுத்துக்கொள்ளுங்கள். மணல் ஈ கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும்.