காக்டெயில் கிளி உப்பிக்கொண்டு தூங்குகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் கரூர் மாவட்டத்தில் தென்னையும் நாட்டுக்கோழியும் வளர்த்து வருகிறோம். பிள்ளைகளுக்காக வாங்கிய இரண்டு வயதுக் காக்டெயில் கிளி ஒன்று சில நாட்களாக இறகை உப்பிக்கொண்டு பகலிலும் தூங்குகிறது. தும்முகிறது; எச்சம் தண்ணீராகப் பச்சை நிறத்தில் போகிறது. தினையும் சூரியகாந்தி விதையும்தான் தீனி. கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. சளி என்று நினைத்துத் துளசிச் சாறு புகட்டினோம். கோழிக்கு வாங்கி வைத்திருந்த டெட்ராசைக்ளின் தூளையும் மூன்று நாட்களாகக் குடிநீரில் கலந்து வைக்கிறோம். குணம் தெரியவில்லை. இது கோழிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றுமா? தை மாதத் தொடக்கத்தில் பட்ட தென்னை ஒன்றை வெட்டியபோது பொந்திலிருந்து கிடைத்த பச்சைக்கிளிக் குஞ்சையும் அதே கூண்டில் விட்டிருக்கிறோம். அது நன்றாக இருக்கிறது.

பதில்: கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் செய்தியே எனக்கு முதன்மையாகப் படுகிறது. புதிய பறவை ஒன்று கூண்டுக்குள் வந்த சில வாரங்களில் பழைய பறவை நோயுற்றால், அந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். புதியது நோயைக் கொண்டு வந்திருக்கலாம். அல்லது பழைய பறவையின் உடலில் வெளித்தெரியாமல் இருந்த கிருமி, இடநெருக்கடியாலும் மிரட்சியாலும் தலைதூக்கியிருக்கலாம். குஞ்சு நன்றாக இருப்பதை வைத்து அதற்கு நோயில்லை என்று முடிவு செய்ய இயலாது. ஆகவே இன்றே இரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்து, தீனிக் கிண்ணம், தண்ணீர்க் கிண்ணம், துடைக்கும் துணி எல்லாவற்றையும் தனித்தனியாக்குங்கள்.

கிளி இனப் பறவைகள் நோயை மறைப்பதில் தேர்ந்தவை. சோர்ந்த பறவையைத்தான் வல்லூறு குறிவைக்கும் என்பதால், தாங்கும் வரை நிமிர்ந்து உட்கார்ந்து, ஆள் அருகில் வந்தால் கண்ணை விழித்து, ஒன்றும் நடவாததுபோல் காட்டிக்கொள்ளும். இறகை உப்பிக்கொண்டு பகலில் தூங்கும் நிலை நம் கண்ணில் படும்போது நோய் முற்றத் தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். மாட்டுக்கோ ஆட்டுக்கோ ஓரிரு நாள் பொறுத்துப் பார்க்கும் வழக்கம் நூறு கிராம் பறவைக்குப் பொருந்தாது. ஒரு நாள் முழுவதும் இரையெடுக்காவிட்டாலே அதன் நிலை மோசமாகிவிடும்.

கிண்ணம் நிறைந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வெளியே எடுத்து வந்து மெதுவாக ஊதிப் பாருங்கள். கிளி விதையை உடைத்துப் பருப்பை மட்டும் தின்றுவிட்டு உமியை அங்கேயே உதிர்க்கும். மேலே உமி மூடிக்கொள்வதால் தீனி குறையவே இல்லை என்று தோன்றும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. நோயுற்ற கிளி கிண்ணத்தின் அருகே நின்று விதையை வாயில் உருட்டி, உடைத்து, விழுங்காமல் கீழே போட்டுவிடும். பார்ப்பவர்கள் தின்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உடைத்த பருப்பு கூண்டின் தரையில் சிதறிக் கிடந்தால் பறவை பட்டினி கிடக்கிறது என்று பொருள்.

உண்மையைச் சொல்வது எடைதான். மளிகைப் பொருள் நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசில், காலையில் தீனி வைப்பதற்கு முன் நிறுத்து எழுதி வையுங்கள். வளர்ந்த காக்டெயில் கிளி பொதுவாக 80 முதல் 110 கிராம் வரை இருக்கும். தன் வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்திருந்தால் அது அவசர நிலை. பழைய எடை தெரியாது என்பதால் மார்பைத் தொட்டுப் பாருங்கள். நடுவில் ஓடும் மார்பெலும்பின் இரு பக்கமும் சதை மேடாக இருக்க வேண்டும். எலும்பு கத்தி முனைபோல் விரலில் தட்டினால் பல நாட்களாகவே மெலிந்து வந்திருக்கிறது. பிடிக்கும்போது மார்பை மட்டும் இறுக்கிவிடாதீர்கள். பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் (மூச்சிழுக்க உதவும் தசைத்தடுப்பு) கிடையாது. மார்புக்கூடு அசைந்தால்தான் அதற்கு மூச்சு.

அடுத்தது எச்சம். கூண்டின் அடியில் இரவில் வெள்ளைத் தாளை விரித்துக் காலையில் பாருங்கள். நல்ல எச்சத்தில் மூன்று பகுதிகள் இருக்கும்: புழுப்போல் சுருண்ட பச்சை அல்லது பழுப்பு நிற மலம், சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பகுதி, அதைச் சுற்றிச் சிறிது தெளிந்த நீர். வெள்ளரி, பழம் தின்ற பிறகு நீர் மட்டும் கூடினால் அது வயிற்றுப்போக்கு ஆகாது. ஆனால் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகவோ எலுமிச்சைப் பச்சையாகவோ மாறியிருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கருத வேண்டும். முழு விதை அப்படியே வெளிவந்தால் செரிமான உறுப்புகளின் நோய். தார்போல் கறுத்துப் போனால் குடலின் மேற்பகுதியில் இரத்தம் கசிகிறது, அல்லது பறவை வெகுநேரமாக ஒன்றும் தின்னவில்லை. அந்தத் தாளையே மடித்து மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

தாங்கள் எழுதியுள்ள அறிகுறிகளை வைத்து நான் முதலில் ஐயுறுவது கிளமிடியா சிட்டசி என்னும் பாக்டீரியாவால் வரும் கிளிக்காய்ச்சலை. சோர்வு, தும்மல், மூக்கிலும் கண்ணிலும் நீர், பச்சை நிறக் கழிச்சல், மெலிவு ஆகியவை ஒருங்கே வருவது அதன் இயல்பு. இதே அறிகுறிகள் வேறு நோய்களிலும் வரும் என்பதால் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது. வாயிலும் எச்சத்துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனை செய்ய வேண்டும். உறுதியானால் டாக்ஸிசைக்ளின் மருந்தைப் பொதுவாக 45 நாட்கள் கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் கிளி தெளிந்து பாடத் தொடங்கும். அப்போது மருந்தை நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது, நோய் திரும்புவதும் அதனால்தான். மருந்து கொடுக்கும் காலத்தில் கூண்டில் தொங்கும் கடல் நுரையை (கணவாய் ஓட்டை) எடுத்துவிட வேண்டும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது.

டெட்ராசைக்ளின் தூளும் இதே குடும்பத்து மருந்துதானே என்று தாங்கள் கேட்கக்கூடும். குடும்பம் சரி, முறைதான் தவறு. காக்டெயில் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. இயல்பாகவே குறைவாகத்தான் நீர் அருந்தும், நோயுற்றால் இன்னும் குறைத்துவிடும், கசக்கும் நீரைத் தொடவே தொடாது. போதாக்குறைக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புநீரின் சுண்ணாம்பும் வெயிலும் சேர்ந்து மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். கிருமி சாகாது, ஆனால் சோதனையில் அகப்படாமல் ஒளிந்துகொள்ள அந்த அரைகுறை அளவே போதும். ஆகவே அதை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீர் வையுங்கள். தூளின் உறையைத் தவறாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். துளசிச் சாறும் வேண்டாம். துளசியைக் குறை சொல்லவில்லை. அலகைப் பிரித்து ஊற்றும் எந்த நீர்மமும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும் என்பதுதான் என் அச்சம்.

மருத்துவரிடம் சேரும் வரை பறவைக்குத் தேவை வெப்பம். நோயுற்ற சிறு பறவை தன் உடற்சூட்டைக் காப்பதற்கே உள்ள சக்தியெல்லாம் செலவழிக்கிறது. தைமாத விடியற்பனியில் தாழ்வாரத்தில் தொங்கும் கூண்டு அதற்கு ஏற்ற இடமன்று. சிறிய கூண்டு ஒன்றின் மூன்று பக்கங்களைப் பருத்தித் துணியால் மூடி, திறந்த பக்கத்தில் எட்டாத தொலைவில் 40 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, உள்ளே 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது வீடுகளில் எரியும் எல்இடி பல்பு சூடு தராது; குண்டு பல்பு கிடைக்காவிட்டால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வைக்கலாம். கிளி வாயைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை உடலை விட்டு விலக்கிப் பிடித்தால் சூடு மிகுதி. உடனே குறைக்க வேண்டும். உட்காரும் குச்சியைத் தாழ்வாகக் கட்டி, தீனியையும் நீரையும் அதன் வாயருகில் வையுங்கள். தினைக்கதிரை அப்படியே தொங்கவிட்டால் பசியற்ற கிளியும் பெரும்பாலும் கொத்தும். இந்த நேரத்தில் தீனியை மாற்ற முயலாதீர்கள். தெரிந்த தீனியையே தின்னட்டும்.

உட்கார்ந்திருக்கும்போது மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலோ, தரையில் இறங்கிப் படுத்துவிட்டாலோ, அன்றே புறப்பட வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி தங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. பறவை நோய்களுக்குக் கல்லூரி மருத்துவமனையை நாடுவதையே நான் பரிந்துரைப்பேன். உள்ளூர்க் கால்நடை மருந்தகங்கள் மாடு, ஆடுகளுக்குப் பழகியவை, ஒரு கிராமில் பின்னம் பார்த்து மருந்தளப்பது வேறு வேலை.

பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு விடை: ஆம், கிளிக்காய்ச்சல் மனிதர்களுக்குத் தொற்றும். காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதே முக்கிய வழி. கூண்டை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல், நீர் தெளித்து நனைத்த பின் முகக்கவசம் அணிந்து தாளை மடித்தெடுங்கள். பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இப்போதைக்கு அருகில் போக வேண்டாம். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் வந்தால், கிளி வளர்ப்பதை மருத்துவரிடம் தாங்களே சொல்ல வேண்டும், அவராகக் கேட்கமாட்டார். தக்க மருந்து உண்டு, பதற்றம் தேவையில்லை.

கோழிகள் இந்தக் கிருமியை ஓரளவு எதிர்த்து நிற்கும். எனக்குக் கவலை மறுதிசையில்தான்: கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் நோய் கிளிகளையும் தாக்கும். அதன் அறிகுறியாகக் கிளி கழுத்தைத் திருகினாலோ நடுங்கினாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கோழிகளுக்குத் தடுப்பூசி விடுபடாமல் பாருங்கள். கிளி வேலையை முடித்து, கையைச் சோப்பால் கழுவிய பிறகே கோழிக்கொட்டகைக்குள் போங்கள். கொட்டகைச் செருப்போடு கிளியிருக்கும் அறைக்கு வராதீர்கள்.

கிளி தேறிய பிறகு தீனியைத் திருத்தியாக வேண்டும். தினையிலும் சூரியகாந்தியிலும் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். அந்தச் சத்து குறைந்தால் மூக்கு, வாய், மூச்சுப்பாதை ஆகியவற்றின் உள்தோல் தடித்துக் காய்ந்து கிருமிகளுக்கு இடம் கொடுக்கும். வாய்க்குள் வெள்ளைத் திட்டுகள் தென்பட்டால் அதுவே காரணமாக இருக்கலாம். சூரியகாந்தியின் எண்ணெய் வேறு கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும். துருவிய கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை, முளைகட்டிய பச்சைப்பயறு, பிஞ்சு மக்காச்சோளம் ஆகியவற்றைக் காலையில் பசியோடிருக்கும்போது வைத்து, விதையைப் பல வாரங்களில் படிப்படியாகக் குறையுங்கள். சிவப்பு மிளகாயும் கொடுக்கலாம். அதன் காரம் பறவைக்குத் தெரியாது. வெண்ணெய்ப்பழம் (அவகாடோ), சாக்லெட், வெங்காயம், பூண்டு, காப்பி, உப்பிட்ட பலகாரம் ஆகியவை ஆகா. கொசுவர்த்தியும் சாம்பிராணிப் புகையும் இல்லாத இடத்தில் கூண்டை வையுங்கள். அடுப்பில் மறந்து காய்ந்துபோன நான்ஸ்டிக் தவாவின் ஆவி நம் மூக்குக்கே தெரியாமல் கிளியைக் கொன்றுவிடும்.

பச்சைக்கிளிக் குஞ்சைப் பொறுத்தவரை, தங்கள் நோக்கம் நல்லதாக இருந்தாலும், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். காக்டெயில் வெளிநாட்டு இனம் என்பதால் அதற்கு இந்தத் தடை இல்லை. அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கு இன்றே தகவல் சொல்லுங்கள். நோயுற்ற காக்டெயிலோடு ஒரே கூண்டில் இருந்த குஞ்சு என்பதையும், சோதனைக்கு மாதிரி எடுக்கப்போவதையும் தொலைபேசியிலேயே தெரிவித்துவிடுங்கள். மற்ற பறவைகளோடு சேர்க்காமல் தனியே வைக்க அவர்களுக்கு அது உதவும்.